நாஞ்சில் நாட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த கதை – 11: பிளாப்பியில் வந்த நோயும் பிளாப்பியில் வந்த மருந்தும்

1986இல் லாகூரில் எழுதப்பட்ட பிரெயின் வைரஸைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே எழுதியவர்களின் பெயர் இருக்கும். கடையின் முகவரி இருக்கும், தொலைபேசி எண்கள் இருக்கும். தடுப்பூசிக்கு எங்களை அணுகுங்கள் என்று ஒரு வரியும் இருக்கும். பசித், அம்ஜத் என்ற ஆல்வி சகோதரர்கள் அங்கே அல்லாமா இக்பால் டவுனில் கம்ப்யூட்டர் தொழில் நடத்திவந்தார்கள். தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைத் திருட்டு நகல் எடுத்தவர்களைக் கண்டுபிடிக்கத்தான் இதை எழுதினோம் என்று பிற்பாடு சொன்னார்கள். ஐபிஎம் பிசி வகைக் கம்ப்யூட்டர்களைப் பிடித்த முதல் வைரஸ் இதுதான். பிசியின் முதல் நோய் தன் மருந்துக்கான விளம்பரத்தோடேயே ஊர் ஊராகப் போயிற்று.

சென்ற இதழில் வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் சொல்லிக்கொடுத்த பயிற்சி மையங்களைப் பற்றி எழுதினேன். வைரஸை விட்டுவிட்டால் அந்த மையங்களின் கதை பாதிக் கதை. அதிலும் வைரஸைப் பற்றிப் பேச ஆள் உண்டு, அதைப் பிடித்துக் கொன்ற சின்னஞ்சிறு நிரல்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஒரு பிளாப்பியின் மூலையில் அடங்கிய நிரல்கள் அவை. மீனாட்சிபுரத்து மாடி அறை ஒன்றில் பத்துப் பிள்ளைகளின் ஆறு மாத உழைப்பைக் காப்பாற்றியவை. அவற்றுக்கு இந்தத் தொடரில் ஓர் அத்தியாயம் தராமல் மேலே போக எனக்கு மனமில்லை.

முதலில் வந்த வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. 1984இல் மத்திய அரசு ‘கிளாஸ்’ திட்டத்தில் பள்ளிகளுக்குக் கொடுத்த பிபிசி மைக்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இயங்குதளமும் பேசிக் மொழியும் ரோம் சில்லுகளில் பொறிக்கப்பட்டவை. புனேயில் செய்து விற்ற டிபி ஸ்பெக்ட்ரமும் அப்படியே. வீட்டு டிவியோடும் டேப் ரெக்கார்டரோடும் இணைத்து, கேசட்டைப் போட்டு, கீச்சிடும் ஒலி முடியும்வரை காத்திருந்து விளையாடவேண்டும். கரண்டை நிறுத்தினால் நினைவகத்தில் இருந்தது அத்தனையும் அழிந்துவிடும். மறுபடி போட்டால் ரோமிலிருந்து புதிதாகத் தொடங்கும். வைரஸ் குடியிருக்க அங்கே திண்ணைகூட இல்லை.

இயங்குதளத்தை வட்டிலிருந்து ஏற்றிக்கொள்ளும் கருவிகளுக்குத்தான் ஆபத்து வந்தது. அமெரிக்காவில் ரிச் ஸ்கிரென்டா என்ற பள்ளி மாணவர் 1982இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு எழுதிய எல்க் குளோனர் இப்படித்தான் வட்டுக்கு வட்டு தாவியது. ஐரோப்பாவில் வீட்டுக்கு வீடு புகுந்த கமடோர் அமிகாவை 1987இல் எஸ்சிஏ என்ற வைரஸ் பிடித்தது. அமிகாவின் வட்டில் தொடக்கப் பகுதிக்கென்று 1,024 பைட் ஒதுக்கியிருப்பார்கள். வைரஸ் அதற்குள்ளேயே முழுதாக அடங்கிக்கொண்டது. அதை எதிர்க்க ஸ்டீவ் டிபெட் எழுதிய வைரஸ்-எக்ஸ் என்ற நிரல் எனக்குப் பிடித்த ஒன்று. அது நினைவகத்தில் அமைதியாக இருக்கும். நீங்கள் ஒரு பிளாப்பியைச் செருகியதும் தானாகவே தொடக்கப் பகுதியைப் படித்துப் பார்த்து, சந்தேகம் இருந்தால் உடனே சொல்லும். கேட்காமலேயே காவல் காக்கும் இந்த முறை பிசிகளில் பரவலாகப் பின்னும் சில ஆண்டுகள் ஆயின.

அமிகா நம் ஊர்ப் பக்கம் புழங்கிய கருவி அல்ல. இங்கே வந்தது பிசி. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கம்ப்யூட்டர் கொள்கையை அறிவித்த பிறகு உள்நாட்டு நிறுவனங்கள் போட்டிபோட்டு பிசி செய்தன. சென்னை ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸின் சிவா பிசி 33,000 ரூபாய்க்கு வந்தபோது, அதுவரை எட்டாக்கனியாக இருந்தது கடன் வாங்கியாவது வாங்கக்கூடிய பொருளாக ஆயிற்று. விலை குறைந்த பிசிகளில் பலவற்றுக்கு ஹார்ட் டிஸ்க் கிடையாது. இரண்டு பிளாப்பி டிரைவ்கள் இருக்கும். ஒன்றில் டாஸ் என்ற இயங்குதளமும் நிரலும், இன்னொன்றில் நம் வேலையும். எல்லாமே பிளாப்பி. ஆகவே எல்லாமே கைமாறும் பொருள்.

பிசியைப் போட்டதும் அது என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்துதான் பிறக்கிறது. ஏ டிரைவில் பிளாப்பி இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். இருந்தால் அதன் முதல் செக்டரை, வெறும் 512 பைட்டை, நினைவகத்தில் ஏற்றி அது சொல்வதைச் செய்யும். அங்கே இருப்பது டாஸ் எழுதியதா, வேறு யாரும் எழுதியதா என்று கேட்காது. டாஸ் இல்லாத, வெறும் கடிதங்கள் மட்டும் உள்ள பிளாப்பியிலும் அந்த முதல் செக்டர் உண்டு. நேற்று மறந்து டிரைவிலேயே விட்டுப்போன பிளாப்பியோடு காலையில் சுவிட்சைப் போட்டால், இது சிஸ்டம் டிஸ்க் அல்ல, மாற்றிவிட்டு ஏதாவது ஒரு விசையை அழுத்து என்று திரையில் வரும். நாம் பிளாப்பியை உருவிவிட்டு விசையை அழுத்துவோம். அந்த வாசகம் திரைக்கு வருவதற்கு முன்பே வைரஸ் நினைவகத்தில் ஏறியிருக்கும். அதற்குப் பிறகு செருகும் ஒவ்வொரு பிளாப்பிக்கும் தன்னை எழுதிவைக்கும். பிரெயின் இப்படித்தான் பரவியது. அசல் முதல் செக்டரையும் தன் உடம்பின் மிச்சத்தையும் வட்டில் வேறோர் இடத்தில் வைத்து, அந்த இடம் கெட்டுப்போனது என்று குறித்துவிடும். கெட்ட இடத்தை டாஸ் தொடாது.

பிரெயினுக்கு முதலில் மருந்து கண்டவர்களில் இருவகையினர் உண்டு. சியோல் நகரில் ஆன் சோல் சூ என்ற மருத்துவ ஆய்வு மாணவர் 1988இல் தன் பிளாப்பியில் பிரெயினைக் கண்டு, அதை நீக்க ஒரு நிரல் எழுதி இலவசமாகக் கொடுத்தார். பகலில் மருத்துவம், மற்ற நேரம் வைரஸ் என்று ஏழு ஆண்டுகள் போல இருந்துவிட்டு 1995இல் அதற்கென்றே நிறுவனம் தொடங்கினார். இன்னொரு வகை இந்தோனேசியாவிலிருந்து வந்தது. டென் சுக் என்ற அந்த நிரல் பிளாப்பியில் பிரெயின் இருக்கிறதா என்று தேடும். இருந்தால் அழித்துவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். அதுவும் ஒரு வைரஸ்தான். அதனுள் இருந்த எழுத்துகள் ஓர் அமெச்சூர் வானொலிக்காரரின் அழைப்புக் குறி என்று தெரிந்து, அதை வைத்தே அது பிறந்த நாட்டைக் கண்டுகொண்டார்கள். தானாகப் பரவி நோயைத் தீர்க்கும் வைரஸ் நல்லதுதானே என்று அந்நாளில் வாதிட்டவர்கள் இருந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கேட்காமல் என் வட்டில் எழுதும் எதுவும், எந்த நோக்கத்தோடு எழுதினாலும், எனக்கு எதிரிதான். டென் சுக் பிரெயினின் 360 கிலோபைட் பிளாப்பிகளைக் கணக்கில் வைத்து எழுதப்பட்டது. அளவு மாறிய வட்டுகளில் அதுவே கோப்புகளைச் சிதைத்தது.

நாஞ்சில் நாட்டுக்குப் பிளாப்பி வந்த வழிகள் நம் எல்லோருக்கும் தெரிந்தவையே. திருவனந்தபுரத்தில் படித்த, வேலை பார்த்த பிள்ளைகள் வாரக் கடைசியில் களியக்காவிளை தாண்டி வரும்போது பையில் கொண்டுவந்தார்கள். குமாரகோவிலில் 1989இல் நூருல் இஸ்லாம் பொறியியல் கல்லூரி வந்தபின் குமரி மாவட்டத்துக்குள்ளேயே பிளாப்பி சுற்றுவதற்கு ஒரு பெரிய வட்டம் கிடைத்தது. கோணம் பாலிடெக்னிக்கில் ஒரு வட்டம், வடசேரியிலும் மார்த்தாண்டத்திலும் முளைத்த பயிற்சி மையங்களில் இன்னும் பல. வளைகுடாவிலிருந்து லீவில் வருபவர்கள் விளையாட்டுகள் கொண்டுவந்தார்கள். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவுக்கும் டிக்கருக்கும் ஆசைப்படாத மாணவர் யார்? மையத்தை நடத்தியவர்கள் செருப்பை வெளியே கழற்றவைத்தார்கள். ஏசி அறைக்குள் தூசி வரக்கூடாது என்பதில் அத்தனை கவனம். பிள்ளைகளின் சட்டைப் பையில் இருந்த பிளாப்பியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

1990 ஜூனில் இந்தியாவிலேயே ஒரு வைரஸ் கண்டெடுக்கப்பட்டது. ஜோஷி என்று அதற்குப் பெயர். ஆண்டுதோறும் ஜனவரி 5 அன்று கம்ப்யூட்டர் நின்றுவிடும். ‘ஹேப்பி பர்த்டே ஜோஷி’ என்று தட்டச்சு செய் என்று திரை கேட்கும். அதைத் தட்டினால் வேலை தொடரும். தட்டாமல் என்ன செய்தாலும் நகராது. நம் மாவட்டத்தில் அது கிறிஸ்துமஸ் விடுமுறை கழிந்து, சுசீந்திரம் மார்கழித் திருவிழாவின் சந்தடி ஓய்ந்தும் ஓயாமலும் கல்லூரிகள் திறக்கும் சமயம். வாழ்த்துக் கேட்கும் வைரஸ் என்பதால் பலர் இதைச் சாதுவாக நினைத்தார்கள். தொழில்நுட்பத்தில் அது பிரெயினைவிடப் பல படி மேலே இருந்தது.

பிரெயின் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாது. ஜோஷி தொடும். ஹார்ட் டிஸ்க்கின் முதல் செக்டரில், பாகப் பிரிவினை அட்டவணை இருக்கும் இடத்தில், போய் உட்கார்ந்துகொள்ளும். பிளாப்பியில் டாஸ் பயன்படுத்தாத கூடுதல் தடம் ஒன்றைத் தானே உருவாக்கித் தன் உடம்பை அதில் ஒளித்துவைக்கும். 360 கிலோபைட் பிளாப்பிக்கு டாஸ் போடுவது 40 தடம், ஜோஷி 41ஆவதைப் போட்டுக்கொள்ளும். சரி, நார்ட்டன் யுட்டிலிட்டீஸ் வைத்து முதல் செக்டரைத் திறந்து பார்ப்போம் என்றால், வைரஸ் நினைவகத்தில் இருக்கும்வரை அது நமக்கு அசல் செக்டரைத்தான் காட்டும். கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட் அழுத்தினால் கம்ப்யூட்டர் புதிதாகத் தொடங்குவதுபோல் தோன்றும், ஜோஷி மட்டும் நினைவகத்தை விட்டு இறங்காது. மையங்களில் அடிக்கடி கேட்ட உரையாடல் இது.

“சார், ரீசெட் பண்ணிட்டேன் சார்.”

“ரீசெட் பண்ணினாப் போவாது மக்கா. சுவிட்ச அணை. பத்து எண்ணிட்டுப் போடு, கேட்டியா?”

அந்தப் பத்து எண்ணுவது வெறும் சடங்கு அல்ல. கரண்டை முழுக்க நிறுத்தி நினைவகம் காலியான பிறகு, சுத்தமான பிளாப்பியிலிருந்து தொடங்கினால் மட்டுமே ஜோஷி கண்ணுக்குத் தெரியும். அந்தச் சுத்தமான பிளாப்பி ஒவ்வொரு மையத்திலும் ஒன்று இருக்கும். பூட்டிய மேசை டிராயரில், தனி உறையில். ஐந்தேகால் அங்குலப் பிளாப்பியின் வலது ஓரத்தில் சிறிய சதுர வெட்டு ஒன்று உண்டு. புதுப் பெட்டி வாங்கினால் கூடவே ஒரு தாளில் வெள்ளி நிற, கறுப்பு நிற ஸ்டிக்கர்கள் வரும். அதில் ஒன்றை அந்த வெட்டின் மேல் மடித்து ஒட்டிவிட்டால் டிரைவால் அதைப் படிக்க முடியும், எழுத முடியாது. தடுப்பது டிரைவுக்குள் இருக்கும் உணர்வி. எந்த வைரஸும் எத்தனை சாமர்த்தியமாக எழுதப்பட்டாலும் அதை மீற முடியாது. ஒளியால் பார்க்கும் உணர்விகளுக்கு செல்லோ டேப் ஒட்டினால் உதவாது, ஒளி ஊடுருவிவிடும். இது தெரியாமல் டேப் ஒட்டிய மருந்துப் பிளாப்பிக்கே நோய் வந்த மையங்கள் உண்டு. என்னைப் பொறுத்தவரை அந்நாளைய வைரஸ் தடுப்பில் ஆக நம்பகமான பொருள் அரை அங்குல அகலமுள்ள அந்த ஸ்டிக்கர்தான்.

நோய் இருக்கிறதா என்று அறிய இன்னொரு வழி செக்டிஸ்க். டாஸோடு வரும் சிறு நிரல் அது. 640 கிலோபைட் நினைவகமுள்ள பிசியில் அதை ஓட்டினால் மொத்த நினைவகம் 655,360 பைட் என்று சொல்லவேண்டும். ஜோஷி இருந்தால் 649,216 என்று சொல்லும். காணாமல்போன 6,144 பைட், சரியாக 6 கிலோபைட், ஜோஷி தனக்கென்று எடுத்துக்கொண்டது. தன் செக்டரை மறைக்கத் தெரிந்த வைரஸுக்கு இந்தக் கணக்கை மறைக்கத் தெரியவில்லை. ஆன்டி வைரஸ் கைவசம் இல்லாத மையங்களில் தினமும் காலையில் செக்டிஸ்க் ஓட்டி அந்த எண்ணைப் பார்த்தார்கள். ஆறு இலக்க எண் ஒன்றை மனப்பாடமாக வைத்திருந்த பயிற்றுநர்கள் பலரை நான் அறிவேன்.

கண்டுபிடித்தபின் என்ன செய்வது? இங்கேதான் அதிக சேதம் நடந்தது, வைரஸால் அல்ல, பதற்றத்தால். ஹார்ட் டிஸ்க்கையே ஃபார்மட் செய்துவிடுவார்கள். கணக்கு, கடிதம், மாணவர் பட்டியல் எல்லாம் போகும். வைரஸ் போகாது. டாஸின் ஃபார்மட் கட்டளை பாகப் பிரிவினை அட்டவணை இருக்கும் முதல் செக்டரைத் தொடுவதே இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அத்தனை நிரல்களையும் பிளாப்பி பிளாப்பியாக மறுபடி ஏற்றிவிட்டுப் பார்த்தால், செக்டிஸ்க் மறுபடியும் 649,216 என்று சொல்லும். அந்த இடத்தில் அழாத குறையாக நின்றவர்களைக் கண்டிருக்கிறேன். 1991இல் வந்த டாஸ் 5இல் எஃப்டிஸ்க் கட்டளையோடு எம்பிஆர் என்ற சொல்லைச் சேர்த்து அடித்தால் அந்தச் செக்டரின் நிரல் பகுதி மட்டும் புதிதாக எழுதப்படும், கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. கையேட்டில் இது கிடையாது. வாய்வழியாகத்தான் பரவியது. இதையும் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடாது. மங்கி என்றொரு வைரஸ் அட்டவணையையே இடம் மாற்றி உருமாற்றி வைக்கும். அது இருக்கும்போது இந்தக் கட்டளையை அடித்தால் ஹார்ட் டிஸ்க் முழுதும் எட்டாமல் போய்விடும்.

இந்தச் சிக்கல்களையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டு செய்ததால்தான் ஆன்டி வைரஸ் நிரலுக்கு மதிப்பு. இங்கே அதிகம் புழங்கியது ஜான் மெக்காஃபியின் ஸ்கேன். கூடவே கிளீன் என்ற இணை நிரல். ஸ்கேன் தேடும், நோயின் பெயரைச் சதுர அடைப்புக்குள் சொல்லும். அந்தப் பெயரையே கிளீனுக்குக் கொடுத்தால் அது நீக்கும். வைரஸ் அசல் செக்டரை எங்கே ஒளித்துவைத்திருக்கிறது என்பது கிளீனுக்குத் தெரியும். அதை எடுத்து முதல் இடத்தில் வைத்துவிடும். தேடும் முறை எளியது. ஒவ்வொரு வைரஸிலிருந்தும் வேறெங்கும் வராத பத்துப் பதினைந்து பைட்டைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு, வட்டு முழுதும் அதே வரிசை வருகிறதா என்று பார்க்கும். 1989 ஜூலையில் இங்கிலாந்தில் தொடங்கிய வைரஸ் புல்லட்டின் இதழ் இந்த பைட் வரிசைகளை மாதாமாதம் அச்சிட்டது. படித்து, விசைப்பலகையில் அடித்து, தேடும் நிரலில் சேர்த்துக்கொள்ளலாம். அச்சுத் தாளில் வந்த மருந்து.

இந்த முறையின் குறை, அடையாளம் தெரிந்த வைரஸைத்தான் பிடிக்கும் என்பது. ஆகவே ஸ்கேனுக்கு அடிக்கடி புதுப் பதிப்பு வரும். அமெரிக்காவில் மோடம் வைத்திருந்தவர்கள் அன்றே இறக்கிக்கொண்டார்கள். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15இல், அதுவும் பெருநகரங்களில். நாகர்கோவிலுக்குப் புதுப் பதிப்பு வரவேண்டுமென்றால் யாரோ சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ பிளாப்பியில் கொண்டுவரவேண்டும். வந்ததும் ஒரே நாளில் ஊர் முழுக்க நகலாகும். முயன்று பார்த்துவிட்டுப் பணம் அனுப்பவேண்டிய ஷேர்வேர் அது. இங்கே அனுப்பியவர்கள் அபூர்வம்.

மருந்து இப்படிக் கைமாறிப் பரவுவது நமக்குப் புதிதல்ல. இந்த மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அம்மைத் தடுப்பு கைக்குக் கை போன கதை நம் பழைய வீடுகளில் கேட்டிருப்பீர்கள். ஏற்கெனவே குத்திய பிள்ளையின் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து நீர் எடுத்து அடுத்த பிள்ளையின் கையில் குத்துவார்கள். 1879இல் திருவிதாங்கூர் அரசு தன் ஊழியர்களுக்கும் மாணவர்களுக்கும் கைதிகளுக்கும் அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கியது. கைக்குக் கை மாறும்போது சில சமயம் வேறு நோயும் கூடவே போயிற்று. நம் ஸ்கேன் பிளாப்பிகளுக்கும் அதே கதி. வைரஸ் உள்ள கம்ப்யூட்டரில், ஸ்டிக்கர் ஒட்டாத பிளாப்பியில் நகல் எடுத்தால் மருந்தோடு நோயும் பக்கத்து மையத்துக்குப் போகும். போலி ஸ்கேன் பதிப்புகளும் உலகெங்கும் உலவின. அதற்காகவே வேலிடேட் என்ற சிறு நிரலையும் கூடவே கொடுத்தார்கள். அது சொல்லும் எண் கையேட்டில் உள்ள எண்ணோடு பொருந்தினால் அசல்.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. பல்கேரியாவிலிருந்து வந்த டார்க் அவெஞ்சர் வைரஸ், ஒரு நிரல் கோப்பைத் திறந்தாலே அதைப் பற்றிக்கொள்ளும், ஓட்டவேண்டியதில்லை. அது நினைவகத்தில் இருக்கும்போது ஸ்கேனை ஓட்டினால் என்ன ஆகும்? தேடுவதற்காக ஸ்கேன் ஒவ்வொரு கோப்பாகத் திறக்கும். திறந்த ஒவ்வொன்றும் நோயாளியாகும். ஒரே தேடலில் ஹார்ட் டிஸ்க் முழுக்க வைரஸ். சுவிட்சை அணைத்து, சுத்தமான பிளாப்பியில் தொடங்கி, அதற்கப்புறம்தான் ஸ்கேன் என்ற வரிசையை அந்நாளைய பயிற்றுநர்கள் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னது இதனால்தான். காரணம் தெரியாமலே அந்த வரிசையைப் பின்பற்றியவர்களும் தப்பினார்கள்.

1992 மார்ச் 6. மைக்கலாஞ்சலோ என்ற வைரஸ் அன்று உலகெங்கும் ஹார்ட் டிஸ்க்குகளை அழிக்கப்போகிறது என்று செய்தித்தாள்கள் எழுதின. ஐம்பது லட்சம் கம்ப்யூட்டர்கள் வரை என்று மெக்காஃபி சொன்ன கணக்கு உலகம் சுற்றியது. ஆன்டி வைரஸ் என்ற சொல் கம்ப்யூட்டரையே பார்த்திராதவர்கள் காதிலும் விழுந்தது அப்போதுதான். நாள் வந்தது, சில ஆயிரங்களோடு போயிற்று. நம் ஊர்ப் பழைய பிசிகள் பல தப்பியதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. மைக்கலாஞ்சலோ தேதியைப் பார்ப்பது பேட்டரியில் ஓடும் உள் கடிகாரத்தில். எக்ஸ்டி வகைப் பிசிகளில் அந்த வசதியே கிடையாது. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தேதியை நாம்தான் சொல்லவேண்டும். சொல்லாமல் என்டரைத் தட்டினால் 1980 ஜனவரி 1. பயிற்சி மையத்து எக்ஸ்டிகள் பலவும் ஆண்டு முழுதும் 1980 ஜனவரி 1இலேயே இருந்தன. அந்தக் கடிகாரம் உள்ள ஏடி வகைப் பிசி வைத்திருந்த வசதியான அலுவலகங்கள்தான் பயப்படவேண்டியிருந்தது. அங்கே முதல் நாளே தேதியை 7 என்று மாற்றிவைத்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை மார்ச் 13 என்பதை யாரும் பெரிதாக எழுதவில்லை. வெள்ளிக்கிழமையும் 13ஆம் தேதியும் சேர்ந்தால் அன்று ஓட்டும் நிரல்களையெல்லாம் அழிக்கும் ஜெருசலேம் வைரஸ், மைக்கலாஞ்சலோவைவிடப் பழையது, அதற்கு முன்பே நன்றாகப் பரவியிருந்தது.

இந்தச் சூழலில்தான் நம் நாட்டிலேயே மருந்து செய்யத் தொடங்கினார்கள். வெளிநாட்டு நிரல் நல்லதுதான், ஆனால் இந்தியாவில் எழுதப்பட்டு இந்தியாவுக்குள் சுற்றும் வைரஸ் ஒன்று அங்கே போய், பிரிக்கப்பட்டு, அடுத்த பதிப்பில் சேர்ந்து, பிளாப்பியில் திரும்பி வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். நோய் சுற்றும் தெருவிலேயே மருத்துவர் இருக்கவேண்டும். சென்னையில் ஜெ. கேசவர்த்தனன் 1991இல் கே7 கம்ப்யூட்டிங்கைத் தொடங்கினார். அவர்களுடைய ஆரம்பகால ஆன்டி வைரஸின் பெயர் விஎக்ஸ் 2000. பின்னாளில் ஜப்பானில் சோர்ஸ்நெக்ஸ்ட் நிறுவனம் ‘வைரஸ் செக்யூரிட்டி’ என்று பெட்டி பெட்டியாக விற்ற மென்பொருளுக்குள் இருந்தது சென்னையில் எழுதிய கே7 இயந்திரம். டோக்கியோவில் அதை வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அது தமிழ்நாட்டில் பிறந்தது என்று தெரிந்திருக்கும்! நமக்கே தெரியாதபோது அவர்களைச் சொல்லி என்ன?

புனேயில் கைலாஷ் காட்கர் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கால்குலேட்டர், ரேடியோ பழுது பார்த்துக் கடை போட்டவர். கம்ப்யூட்டர் பழுது பார்க்கத் தொடங்கியபோது, வருகிற கருவிகளில் பாதிக்கு வைரஸ்தான் பழுது என்று கண்டார். கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த தம்பி சஞ்சய் கடைக்கு வந்த வைரஸ்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல் எழுதினார். அவை சேர்ந்து 1995இல் டாஸுக்கான குவிக் ஹீல் ஆயிற்று. 2016இல் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. இந்த இரண்டு பெயர்களை நான் நினைவுபடுத்துவது பெருமை பேச அல்ல. பழுது பார்க்கும் மேசையிலிருந்து ஆன்டி வைரஸ் பிறந்தது என்பது கவனிக்கவேண்டிய செய்தி. நம் மாவட்டத்திலும் அதே காலத்தில் அதே மேசைகள் இருந்தன. டிபக் என்ற டாஸ் நிரலை வைத்துக்கொண்டு, பதினாறடிமான எண்களை ஒவ்வொன்றாகப் படித்து, அசல் செக்டரைக் கண்டுபிடித்து எடுத்து முதலிடத்தில் வைத்த இளைஞர்கள் இங்கும் இருந்தார்கள். கல்லூரி முடித்ததும் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். அவர்கள் எழுதிய சிறு நிரல்கள் அவர்களுடைய பிளாப்பிகளோடு போயின. அந்தப் பிளாப்பிகளில் இன்றைக்குப் பூஞ்சை பிடித்திருக்கும். வீட்டுப் பரணில் ஏதேனும் இருந்தால் ஸ்டிக்கரை ஒட்டி, படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து நகல் எடுத்து வையுங்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு மாவட்டத்தின் கம்ப்யூட்டர் வரலாறு எழுத அரசு ஆவணம் எதுவும் இல்லை. இருப்பது இவைதான்.

1993 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் டாஸ் 6ஓடு ஆன்டி வைரஸையும் சேர்த்தே கொடுத்தது. சென்ட்ரல் பாயின்ட் நிறுவனத்திடமிருந்து வாங்கியது அது. எல்லோரிடமும் ஒரே மருந்து இருந்தால், அதை ஏமாற்றப் படித்த வைரஸ் எல்லோரையும் ஏமாற்றும். அப்படியே நடந்தது, அந்த ஆன்டி வைரஸின் காவல் பகுதியை நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்கும் வைரஸ்கள் எழுதப்பட்டன. பிறகு விண்டோஸ் 95 வந்தது. அதே 1995இல் வேர்ட் ஆவணத்துக்குள் ஒளிந்து வரும் கான்செப்ட் வந்தது. முதல் செக்டரைக் காத்துக்கொண்டிருந்தவர்கள் கடிதங்களையும் காக்கவேண்டியதாயிற்று. 2000இல் நாடாளுமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தை நிறைவேற்றியபோது, பிறர் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுத்துவதை அதன் 43ஆம் பிரிவு விதிமீறலாகப் பட்டியலிட்டு இழப்பீட்டுக்கு வழிசெய்தது. ஜோஷிக்குப் பத்து ஆண்டுகள் கழித்து.

அந்தச் சட்டம் வருவதற்கு ஓராண்டு முன்பு, 1999 ஏப்ரல் 26, திங்கட்கிழமை. ஒரு வாக்கில் கவிழ்ந்த வாஜ்பாய் அரசுக்குப் பிறகு மக்களவை கலைக்கப்பட்ட நாள். அன்று காலை கம்ப்யூட்டரைப் போட்ட டிடிபி மையக்காரர்கள் பலருக்குத் திரையே வரவில்லை. சிஐஎச் என்ற தைவான் வைரஸ் ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கத்தை அழித்ததோடு நிற்காமல், போர்டில் இருந்த பயாஸ் சில்லின் மீதும் குப்பையை எழுதியிருந்தது. சுத்தமான பிளாப்பியை வைத்துக்கொண்டு என்ன செய்வது, பிளாப்பியைப் படிக்கவே கம்ப்யூட்டருக்குத் தெரியாதபோது? சில்லைப் பிடுங்கி, ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு போர்டில் செருகி உயிர்ப்பித்தவர்களின் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)